ஓரியூரில் ஒரு விபூதிப் புதன்

திருவாடானையில் பஸ் மாறும்போதே வெயில் ஏறிவிட்டது. ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி நாள், வயிற்றில் ஒரு டம்ளர் காப்பி மட்டும். ஓரியூருக்கு ஒரு விபூதிப் புதனன்று, தவக்காலம் தொடங்கும் அந்த நாளில், போக வேண்டும் என்பது எனக்கு நாள்பட்ட ஆசை. நாங்கள் அருளானந்தர் என்று கூப்பிடும் ஜான் டி பிரிட்டோ சாமியாரை இங்கே வெட்டிய 1693 பிப்ரவரி 4 ஒரு விபூதிப் புதன். ஈஸ்டர் மார்ச் 22-ல் விழுந்தால்தான் விபூதிப் புதன் அவ்வளவு முன்னால் வரும். கடைசியாக 1818-ல் அப்படி வந்தது, இனி 2285-ல்தான். அவர் இறந்த நாளில் வரும் திருவிழாவும் விபூதிப் புதனும் ஒரே நாளில் சேர்வதைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. சரி, விபூதிப் புதனையாவது அங்கே கழிப்போம் என்று கிளம்பினேன்.

சுற்றிலும் வெளிறிய ராமநாதபுரத்துப் பொட்டல். நடுவில் அந்த இடத்து மண் மட்டும் செக்கச்செவேலென்று இருக்கிறது. புனிதர் சிந்திய ரத்தத்தால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. குழந்தை வரம் கேட்டு வருகிறவர்கள், நோய் தீர வேண்டுகிறவர்கள், எல்லா மதத்தாரும் ஒரு பிடி மண்ணைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோவார்கள். மற்ற நாட்களில் கிடா வெட்டு, மொட்டை என்று அமர்க்களமாக இருக்கும். அன்று இறைச்சி தொடாத சுத்தபோசனம். ஆடுகளுக்கு விடுமுறை.

லிஸ்பனில் 1647-ல் பிறந்த அருளானந்தர், காவி கட்டிய பண்டாரசாமியாக மறவர் சீமையில் நடந்தார். 1686-ல் ஒருமுறை பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று விட்டார்கள். ஐரோப்பா போனவர் திரும்பி வந்தார். நோயிலிருந்து குணமான மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, முதல் மனைவி தவிர மற்றவர்களை விலக்க வேண்டும் என்றார். தேவர் விலக்கினார். விலக்கப்பட்ட இளையவள் ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். அவள் புகார்தான் கடைசியில் அருளானந்தரை இந்த மணலுக்குக் கொண்டுவந்தது. 1947-ல் அவர் புனிதரானார். சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பெண்ணை வில்லியாகத்தான் கேட்டோம். இப்போது யோசித்தால், கணவர் மனம் திரும்பியதற்கான செலவு முழுக்க அவள் தலையில்தானே விழுந்தது! இதைச் சொன்னால் எங்கள் பங்குக் கோயிலில் சிலருக்குக் கோபம் வரும்.

பூசையில் யோவேல் இறைவாக்கினர் வாசகம்: உடையைக் கிழிக்காதே, இதயத்தைக் கிழித்துக்கொள். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பலைச் சாமியார் நெற்றியில் சிலுவையாக இட்டார். எனக்கு முன்னால் நின்ற பாட்டிக்கு சாம்பல் மூக்கு வரை கொட்டியது. அதைத் துடைக்காமலே போய் உட்கார்ந்தார். நான் கண்ணாடியில் விழுந்த பொடியைக் கைக்குட்டையால் துடைத்தேன்.

அப்புறம் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. எனக்கு அது மனப்பாடம். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஜெபத்தில் பராக்குக்கு இடம் கொடுத்தேன். முப்பது வருடமாக இதே மூன்று. கடைக்காரர் கல்லாவில் சில்லறை எண்ணுவதுபோலச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். அன்றும் அதையே சொன்னேன். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வயதான சாமியார், "என்ன பொய்?" என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லை.

வாய் தானாகத் திறந்துகொண்டது. பதினோரு வருடம் முன் அம்மா இறந்தபோது, அவர்களுடைய மூன்று பவுன் சங்கிலியை ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றுவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். விற்கவில்லை. வீடு கட்டும் கடைசித் தவணைக்கு அடகு வைத்து, பின்னால் மீட்டு, பீரோவில் வைத்திருக்கிறேன். அம்மா அதை அக்காவுக்கென்று சொல்லியிருந்தார்கள்.

"சங்கிலி இன்னும் இருக்கா?"

"இருக்கு சாமி."

"திருப்பிக் கொடுக்க மனசிருக்கா?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆமாம் என்றேன். "அப்ப அதுதான் உங்க அபராதம். ஜெபமாலை எல்லாம் அதுக்கப்புறம்" என்று சொல்லிப் பாவமன்னிப்புக் கொடுத்தார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் ஆகு என்று இயேசு சொன்னதைப் பல கூட்டங்களில் நானே வாசித்திருக்கிறேன். நல்ல உச்சரிப்போடு.

பாவத்துக்காக மனம் வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லும்போது ஒன்று உறைத்தது. ஊரில் மனஸ்தாபம் என்றால் இரண்டு பேருக்குள் சடைவு. அக்காவுக்கும் எனக்கும் அந்த மனஸ்தாபம் ஏராளமாக இருந்தது, ஏதோ பத்திரிகை வைக்காத கதையிலிருந்து. மந்திரத்தில் இருக்கும் மனஸ்தாபத்தை நான் ஒருநாளும் பட்டதில்லை.

செம்மண் எடுக்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. தபாலில் அனுப்பலாமா, மனைவி மூலம் கொடுக்கலாமா, லாக்கரில் இப்போதுதான் கிடைத்தது என்று சொல்லலாமா? மன்னிப்பு வாங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்த பொய் தயார். என் மேலேயே எனக்குச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிச் சங்கிலியை முன்னால் வைத்தேன். அவள் தொடவில்லை.

"சின்னவ கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினேன் தம்பி. இந்த மூணு பவுன் இருந்திருந்தா வாங்கியிருக்க மாட்டேன். இன்னும் கட்டிக்கிட்டு இருக்கேன்."

பேத்தியின் கல்யாணத்துக்காகத்தான் அம்மா அதைச் சேர்த்தே வைத்தார்களாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்டதும் இல்லை. பைபிளில் வரி வசூலிக்கும் சக்கேயு, ஏமாற்றியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்றது பெரிய மனது என்றுதான் நினைத்திருந்தேன். வட்டி போட்டுப் பார்த்திருப்பார் போல.

அக்கா கையைத் துடைத்துவிட்டு சங்கிலியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். என்னை மன்னித்ததாக ஒன்றும் சொல்லவில்லை. நான் கடன் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இன்னும் பதினான்கு தவணை பாக்கி. இந்த மாதத்தை நான் கட்டிவிட்டேன்.