செல்லூர் மாடி வீடு: ஒழுகல் கணக்கு

2025 அக்டோபர் 12
ராத்திரி நல்ல மழை. அடுப்படியில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து தோசை மாவுக்குள்ளேயே விழுந்தது. மேலே துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கிறது. தட்டோட்டு இடுக்கில் இறங்கும் தண்ணீர் கம்பியைத் துருவாக்குமாம், துரு உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளுமாம். எதிர்வீட்டுக் கொத்தனார் சொன்னது. வீட்டுக்காரரிடம் நாலாவது தடவையாகச் சொன்னேன். "தீபாவளி போகட்டும்மா." எந்த வருஷத் தீபாவளி என்று கேட்கவில்லை.

அக்டோபர் 14
சித்தப்பா வக்கீல் குமாஸ்தா. 2017 வாடகைச் சட்டத்திலேயே யார் எதைச் செய்யணும் என்று பட்டியல் இருக்கிறதாம். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு என் பொறுப்பு. கட்டட ரிப்பேர், பைப், வயரிங், வெள்ளையடிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. (வாஷர் மூன்று தடவை மாற்றிவிட்டேன். என் பக்கம் பாக்கி இல்லை.) 1882 சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவும் துணைக்கு வருகிறது: அவர் செய்ய வேண்டிய ரிப்பேரை, நோட்டீஸ் கொடுத்து நியாயமான அவகாசம் விட்டும் செய்யாவிட்டால், நாமே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம்.

"வாயால சொன்னது கணக்கில்லத்தா, எழுதிக் குடு" என்றார். வாடகை அதிகாரியிடமே போனால் என்ன என்றேன். "ஒப்பந்தத்தைப் பதிஞ்சியா?" 20 ரூபாய்ப் பத்திரம், 11 மாதம், பதியாமல் பீரோவில் கிடக்கிறது. தலையில் அடித்துக்கொண்டார்.

அக்டோபர் 16
போட்டோவோடு கடிதம், 15 நாள் அவகாசம், ஸ்பீட் போஸ்ட். அடுத்த தெருவுக்குத் தபால்! நகல் என்னிடம்.

நவம்பர் 2
பதில் இல்லை. கொத்தனாரும் ஒரு சித்தாளும் வந்தார்கள். கம்பியைத் தேய்த்து, பூசி, மாடியில் உடைந்த தட்டோட்டை மாற்றி இடுக்கை அடைத்தார்கள். 6,800 ரூபாய். கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொண்டேன். நல்லவேளை, அன்று வெயில்.

நவம்பர் 5
வாடகை 7,500. ஒரேயடியாகக் கழிக்க மனசு வரவில்லை; இந்த மாதம் பாதி, அடுத்த மாதம் பாதி. 4,100 ஜிபே பண்ணி, ரசீதையும் வாட்ஸப்பில் அனுப்பினேன். ரெண்டு நீல டிக். சத்தமே இல்லை.

நவம்பர் 8
மாடியில் காலடிச் சத்தம். போய்ப் பார்த்தால் வீட்டுக்காரர், குனிந்து தட்டோட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "6,800ஆ? ஏமாத்திட்டான்மா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலாயிரத்துல முடிச்சிருப்பேனே!"