பரண்ல ஏறப் போறேன்னு அப்பாகிட்ட சொன்னேன்

எங்க ஊரு தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி போற பக்கம். ராகி கதிர் முத்துற நேரம் பாத்து ஆனை எறங்கிடும், காட்டுப்பன்னிய பத்தி கேக்கவே வேணாம், அதனால அந்த ரெண்டு மாசமும் அப்பாவுக்கு ராத்திரி படுக்கை கொல்லையில பரண் மேலதான். தகர டப்பா, டார்ச்சு, வேட்டு, குறும்பர் நெய்ற கருப்புக் கம்பளி, அவ்ளோதான் அவரு சாமான். பத்தாவது வரைக்கும் நானும் கூடப் போயி படுத்திருக்கேன்.

இப்ப கனடாவுல ஒன்டாரியோ, பேரின்னு ஒரு டவுனு, வந்து நாலு வருஷம் ஆச்சு. மொத வருஷமே ஒண்ணு கவனிச்சேன், நவம்பர் வந்தா கம்பெனியில பாதி பேர காணோம், என்னடான்னா மான் சீசனாம். நம்மூர்ல வனவிலங்கு சட்டப்படி வேட்டைன்னாலே ஜெயிலு, இங்க அதுக்கு லீவு எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க. கேண்டீன்ல எல்லாரும் அதையே பேசுறப்ப நான் மட்டும் டிபன் பாக்ஸ மூடிட்டு உக்காந்திருப்பேன். சரி நாமளும் பாப்போம்னு துப்பாக்கி சேஃப்டி கோர்ஸ், வேட்டைக் கோர்ஸ் ரெண்டும் முடிச்சி லைசென்ஸ் போட்டேன், மொத தடவைன்னா கொறஞ்சது 28 நாள் காத்திருக்கணும், எனக்கு அதுக்கு மேலயே இழுத்துச்சு.

பேக் கட்டுன கதைதான் பெரிய கதை. பாத்ரூம் தராசுல வெச்சா 19 கிலோ. பக்கத்து வீட்டு பெரியவரு, அவருதான் கூட்டிட்டுப் போறவரு, ரைஃபிளும் அவரு குடுத்ததுதான், வந்து பாத்தாரு, ஒண்ணும் பேசல, ஜிப்ப தொறந்து மொத்தத்தையும் ஹால்ல கவுத்துட்டாரு. மொதல்ல தூக்கிப் போட்டது என்னோட காட்டன் பனியனும் ஜீன்ஸும். நடக்கறப்ப வேர்வைய குடிச்சிக்கும், அப்புறம் மைனஸ் 4ல அசையாம உக்காந்தா அந்த ஈரமே ஆள முடிச்சிடும், கம்பளி நூல்ல உள்ளதா போடுன்னாரு. எனக்கு அப்பாவோட கம்பளி ஞாபகம், மழையில நனஞ்சி ஆட்டு வாடை அடிக்கும், ஆனா உள்ள சூடு போகாது.

அடுத்து புளிசோறு டப்பா. தொறந்து மோந்து பாத்துட்டு அப்படியே மூடி என் பொண்டாட்டி கையில குடுத்துட்டாரு. பெருங்காயமும் நல்லெண்ணெயும் அடிக்கற அடிக்கு மான் என்ன, அந்தக் காடே எந்திரிச்சி ஓடும். பதிலுக்கு கடலை உருண்டையும் பிளாஸ்க்குல சுடு தண்ணியும். தலைக்கு தேங்காண்ணெய், பவுடர் எல்லாம் ரெண்டு நாளைக்கு கட், வாசனை இல்லாத சோப்பு.

கடைசியா பையில நின்னது திசைகாட்டி, தலையில மாட்டற லைட்டு, விசிலு, தீப்பெட்டி, கத்தி, கையுறை, மாற்று சாக்ஸு, கறி கட்ற துணிப்பை, கயிறு. மேலுக்கு ஆரஞ்சு வெஸ்ட், 400 சதுர இஞ்சாவது எல்லாப் பக்கமும் தெரியணும்னு சட்டம், தொப்பி தனி. சுடறவன் இன்னொருத்தன மான்னு நெனச்சி சுட்டுடக் கூடாதுல்ல.

அந்நேரம் அப்பா வீடியோ கால்ல வந்தாரு. எனக்கு ராத்திரி, அவரு அப்பதான் பரண்ல இருந்து எறங்கி வந்து டீ குடிக்கறாரு.

“இந்தக் கலர்ல போனா மான் நிக்குமாடா?”

“அதுக்கு நம்மள மாதிரி இந்தக் கலரு பளிச்சுன்னு தெரியாதுப்பா.”

“காத்து எந்தப் பக்கம்னு பாத்தியா? மண்ண அள்ளி வுட்டுப் பாரு. கயிறு வெச்சியா?”

வெச்சேன்னேன். இங்கயும் மரத்துல பரண் மாதிரிதான் கட்றாங்க, உடம்பு முழுக்க புடிக்கற பெல்ட்டு மாட்டிட்டு வெறுங்கையோட ஏறணும், மேல போன அப்புறம்தான் குண்டு போடாத ரைஃபிள கயித்துல இழுக்கணும். நாங்க களி சட்டிய இழுப்போம், அவ்ளோதான் வித்தியாசம். எங்கம்மா பின்னாடி இருந்து “கறிய வித்தா எவ்ளோ வரும்”னு ஒரு சத்தம். விக்கக் கூடாதும்மான்னா, அப்புறம் எதுக்குடா இந்தக் குளுர்லன்னு போயிட்டாங்க.

ஹைவே 400 புடிச்சி வடக்கால ஒரு 150 கிலோமீட்டர், பாரி சவுண்ட் பக்கம். சூரியன் வர்றதுக்கு அரை மணி முன்னாடி இருந்துதான் சுடலாம், நான் அதுக்கும் முன்னாடியே மேல ஏறி உக்காந்தாச்சு. கால் வெரல் இருக்கா இல்லையான்னே தெரியல. எட்டு மணி சுமாருக்கு எலை சரசரன்னுச்சு, ஒரு மானு, தலையில கொம்பு இல்ல, பெட்டை. என் டேக், அதாவது மான் சுடற அனுமதிச் சீட்டு, கொம்பு உள்ளதுக்குத்தான், பெட்டைக்கு குலுக்கல்ல விழணும். பாத்துட்டு சும்மா இருந்திருக்கலாம். அது நேரா புல்லு மேல வாய வெச்சிச்சு பாருங்க, அந்த ஒரு செகண்டு எனக்கு என்னாச்சுன்னே தெரியல, தொண்ட கிழிய “ஓஓஓய்”னு கத்திட்டேன்.

பெரியவரு 300 மீட்டர் தள்ளி இன்னொரு மரத்துல இருந்தாரு. சாயங்காலம் வண்டி ஏறற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்த பேசல.