ரிலேயைக் கழற்றச் சொல்பவர்களிடம்

விவசாய மின்பணியில் நான் அதிகம் கேட்ட வேண்டுகோள் இதுதான்: "ரிலே அடிக்கடி டிரிப் ஆகிறது, அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடுங்கள்." மின்சாரத்தில் கோளாறு வந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் காவல் கருவிதான் ரிலே. பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது மோட்டாரை நிறுத்தும் எந்தக் கருவியும் விவசாயியின் கண்ணுக்கு எதிரிதான். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நேராகக் கொடுக்க மாட்டேன்.

எரிந்த மோட்டாரைத் திறந்தால் நடந்ததை அதன் காயிலே (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) சொல்லிவிடும். மூன்று ஃபேஸ் கம்பிகளில் வரும் மின்சாரத்துக்காக மோட்டாரில் இருக்கும் மூன்று சுருள்களை ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதமாக இணைப்பார்கள். ஸ்டார் இணைப்பில் இரண்டு ஃபேஸின் சுருள்கள் கருகி, மூன்றாவது நிறம் மாறாமல் இருந்தால், ஒரு ஃபேஸ் வராமலேயே மோட்டார் ஓடியிருக்கிறது என்று பொருள். டெல்டா இணைப்பில் தலைகீழ்: ஒன்று கருகியிருக்கும், இரண்டு நன்றாக இருக்கும். மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் அதிகச் சுமையையோ குறைந்த மின்னழுத்தத்தையோ சந்தேகிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒரு ஃபேஸ் போனதும் பெரும்பாலும் நின்றுவிடாது. உறுமிக்கொண்டே சுற்றும், மீதி இரண்டு கம்பிகளில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகும். அந்த நேரத்தில் மோட்டாரைக் காப்பாற்றத்தான் ரிலே இருக்கிறது. காயில் கட்டக் கொடுப்பதற்கு முன் எரிந்த சுருள்களை உரிமையாளருக்குக் காட்டிவிடுவது என் வழக்கம். கண்ணால் பார்த்தவர்கள் பிறகு ரிலேயைக் கழற்றச் சொல்வது அரிது.

கேபிளிலும் இதே கதைதான். கிணறு தூரத்தில் இருக்கும். செலவைக் குறைக்க மெல்லிய கேபிளை இழுத்துவிடுவார்கள். மோட்டாருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் அதன் தொடக்க முறுக்குவிசை (கிளம்பும்போது சுழற்றும் விசை) 19 சதவீதம் குறைகிறது. கேபிளில் மிச்சம் பிடித்த பணம் காயில் கட்டுவதில் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை மாட்டுத் தொழுவங்களில்தான். அங்கே ஈரம், அம்மோனியா, எலி மூன்றும் சேர்ந்து இணைப்புகளைத் தின்கின்றன. ஒரு பண்ணையில் மாடுகள் தொட்டியில் வாய் வைப்பதும் வெடுக்கென்று தலையை இழுத்துக்கொள்வதுமாக இருந்தன. தண்ணீர் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். நான் மீட்டரின் ஒரு முனையை இரும்புத் தொட்டியிலும், மறுமுனையை மாட்டின் குளம்பு படும் ஈரத் தரையிலும் வைத்தேன். இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 500 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாட்டின் உடலுக்கு அது ஈடு. அது இல்லாவிட்டால் மீட்டர் காட்டும் பொய் அளவை நம்பி ஏமாறுவோம். சில வோல்ட்டுகள் காட்டியது. செருப்புப் போட்ட மனிதருக்கு அது தெரியவே தெரியாது. வெறுங்குளம்போடு ஈரத்தில் நிற்கும் மாட்டுக்கு ஒவ்வொரு மடக்கும் ஒரு சுரீர்.

காரணம் அரித்துப்போன ஒரு நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) இணைப்பு. அதை மாற்றியதோடு நிற்காமல் தொட்டி, கம்பித் தடுப்பு, தரைக்குள் இருக்கும் கம்பிவலை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்து எர்த்தோடு சேர்த்தேன். அப்படிச் செய்தால் மாட்டின் வாய்க்கும் காலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எழாது. பண்ணை மின்னமைப்புக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60364-இன் 705ஆம் பகுதி இந்தப் பிணைப்பை வலியுறுத்துகிறது. 32 ஆம்பியர் வரையிலான பிளக் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியும் வேண்டும் என்கிறது. பாலின் அளவை ஏட்டில் எழுதுகிறவர்கள் எர்த்தின் அளவையும் எழுத வேண்டும் என்று நான் போகுமிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சூரிய பம்புகள் வந்துவிட்டன. வேலை கற்க வரும் பிள்ளைகள் மெயினை அணைத்ததும் பேனல் கம்பியைத் தொடப் போகிறார்கள். வெயில் இருக்கும்வரை பேனலில் மின்னழுத்தம் இருக்கும். எந்த மெயினும் அதை அணைக்காது. பேனலைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசோலேட்டரைத் திறந்தாலும் அதற்குப் பேனல் பக்கம் உள்ள கம்பி உயிரோடுதான் இருக்கும். டெஸ்டரை வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்து, கம்பியைச் சோதித்து, மறுபடி டெஸ்டரைப் பார்த்த பிறகே கை வைக்க விடுகிறேன்.