28 நாள் முடிவு

பிப்ரவரி 10

நாளை மறுநாள் இறுதியாண்டுத் திட்டப்பணியின் இரண்டாவது ரிவியூ. சிமெண்டில் 20 சதவீதத்தை ஃபிளை ஆஷால் (நிலக்கரி எரித்த சாம்பல்) ஈடுசெய்த எம்25 (28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் வலிமைக்கான) கான்கிரீட்டை நாங்கள் நால்வர் ஆராய்கிறோம். இன்றிரவு அறிக்கையைச் சரிபார்த்தபோது 28 நாள் வலிமை அட்டவணை (சதுர மி.மீ.க்கு நியூட்டனில்) நிரம்பியிருந்தது: 33.1, 33.4, 33.2. ஜனவரி 20 அன்று நாங்கள் வார்த்த கியூப்களோ (சோதனைக்கான கான்கிரீட் கனசதுரங்கள்) இன்னும் க்யூரிங் தொட்டியில் மூழ்கிக் கிடக்கின்றன. 28 நாள் நிறையும் 17ஆம் தேதிதான் அவற்றை இயந்திரத்தில் அழுத்தி உடைத்து வலிமையை அளக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டேன். சீனியர்களின் அறிக்கையைப் பார்த்துச் சிறிது மாற்றிப் போட்டதாக எங்கள் நால்வரில் ஒருவனான நண்பன் ஒப்புக்கொண்டான்.

பிப்ரவரி 11

கேன்டீனில் நால்வரும் அமர்ந்து பேசினோம். மாலை வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவன் என்பதால் அவன்மீது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மிகுந்தது. ஆனாலும், இது எங்கள் பணிதான் என்று உறுதிசெய்யும் போனஃபைட் சான்றிதழில் நான்கு பெயர்களும் ஒன்றாக அச்சாகப்போகிற அறிக்கையில், நடக்காத சோதனையின் எண்ணை நான் ஏற்கவே முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கட்டங்களில் 'சோதனை நிலுவையில்' என்று எழுதினோம்.

பிப்ரவரி 12

கைடிடம் அவனே நடந்ததைச் சொன்னான். பணி முடியாததற்காக மதிப்பெண் குறைந்தது, சொன்னதற்காகக் குறையவில்லை.

பிப்ரவரி 17

நால்வரும் காலையிலேயே ஆய்வகத்தில் இருந்தோம். ஈரத்தைத் துடைத்து, 150 மி.மீ. கியூப்களை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வைத்தோம். 660, 590, 700 கிலோநியூட்டனில் உடைந்தன, அதாவது சதுர மி.மீ.க்கு 29.3, 26.2, 31.1 நியூட்டன். இரண்டாவது கியூப் ஓரத்தில் வெடிப்பு ஓடி, மணல் உதிர்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலகலை கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 அனுமதிக்கிறது, எங்கள் மூன்றும் அதற்குள்தான். முன்பு எழுதியிருந்த மூன்று எண்களுக்கிடையே 0.3க்கு மேல் வித்தியாசமே இல்லையே என்று அவனே சுட்டிக்காட்டினான்.

மார்ச் 24

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் எங்கள் அறிக்கைக்கு 8 சதவீதம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் 10 சதவீதம் வரை தண்டனை விதிப்பதில்லை. அவை முதுநிலை முதலான ஆய்வேடுகளுக்கானவை என்றாலும் எங்கள் துறையும் அதே அளவுகோலைக் கடைப்பிடிக்கிறது. மென்பொருள் வாக்கியங்களைத்தான் ஒப்பிடுகிறது. 33.1 அங்கேயே இருந்திருந்தாலும் இதே 8 சதவீதம்தான் வந்திருக்கும் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. யார் எதைச் செய்தோம் என்று தனிப்பக்கம் சேர்க்கலாம் என்றேன். தன் பெயருக்கு எதிரே, '7 நாள் சோதனையின்போது வரவில்லை' என்று அவன் தன் கையாலேயே தட்டச்சு செய்தான்.