"டைட்டானியம்தான் சார், ஒன்றும் ஆகாது"

உடம்புக்குள் உலோகம் ஏதாவது வைத்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை வாசலில் கேட்டால், அடிக்கடி காதில் விழும் பதில் இது. பாதி சரி. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் படம் எடுக்க அனுப்பும் ரேடியோ அலை, மின்சாரம் கடத்தும் எந்த உலோகத்தையும் சூடாக்கலாம்.

எவ்வளவு சூடாகும் என்பதில் நீளத்துக்குப் பெரிய பங்குண்டு. 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு) மெஷினில் அலையின் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். உடம்புக்குள் அந்த அலைநீளத்தில் பாதி, ஏறக்குறைய 26 செ.மீ. 3 டெஸ்லாவில் அது 13 செ.மீ. ஆகிவிடும். உள்ளே இருக்கும் கம்பி இந்த நீளத்தை நெருங்கினால் ஆன்டெனா மாதிரி அலையை வாங்கி, நுனியில் சூட்டைக் குவிக்கும். ஆகவே 3 டெஸ்லாவில் சும்மா இருந்த கம்பி 1.5-இல் சுடலாம். "பெரிய மெஷினிலேயே எடுத்தாச்சே" என்ற கணக்கு இங்கே செல்லாது.

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரில் பலரும் பெட்டியின் மாடலை மட்டும் பார்க்கிறார்கள். பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பியான லீடும் சேர்ந்து, எம்.ஆர்.ஐ.க்கு அனுமதி பெற்ற ஜோடியாக இருக்க வேண்டும். பெட்டியை மாற்றியபோது பழைய லீடை உள்ளேயே விட்டிருக்கிறார்களா என்று மார்பு எக்ஸ்ரேயில் பாருங்கள். ஸ்கேனுக்கு முன் புரோகிராமர் என்ற வெளிக்கருவியை வைத்து பேஸ்மேக்கரை எம்.ஆர்.ஐ. மோடுக்கு மாற்ற வேண்டும், எடுக்கும்போது ஈ.சி.ஜி.யும் ஆக்சிஜன் அளவும் ஓடவேண்டும். முடிந்ததும் பழைய செட்டிங்குக்குத் திருப்ப மறப்பதுதான் சாதாரணமாக நடக்கக்கூடிய தவறு.

மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குப் போட்ட பழைய கிளிப் என்றால் பேச்சே இல்லை: மாடல் தெரியாமல் உள்ளே விடக்கூடாது. 1992-இல் அமெரிக்காவில் அப்படி ஒரு கிளிப் எம்.ஆர்.ஐ. காந்தத்தில் திரும்பி, ரத்தக்குழாய் கிழிந்து ஒரு பெண் இறந்தார். "போன வருஷம் எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பதும் சான்று ஆகாது.

இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் பற்றிய பயம்தான் அநியாயத்துக்கு அதிகம். இன்றைய ஸ்டென்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு, தயாரிப்பாளரின் நிபந்தனைக்குள், வைத்தவுடனேயே ஸ்கேன் எடுக்கலாம். ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது பழைய பழக்கம்.

மூட்டு மாற்றியவர்களுக்கு ஆபத்தைவிட, உலோகத்தைச் சுற்றிக் கறுப்புத் திட்டு விழுந்து படம் கெடுவதே தொல்லை. 1.5 டெஸ்லாவில், ஃபாஸ்ட் ஸ்பின் எக்கோ என்ற படமெடுக்கும் முறையை வைத்து, பேண்ட்வித்தை (சிக்னலை வாங்கும் அதிர்வெண் அகலத்தை) கூட்டி, கொழுப்பின் சிக்னலை மறைக்க ஃபேட் சாட் முறைக்குப் பதில் ஸ்டிர் முறையில் எடுத்தால் அந்தத் திட்டு நன்றாகச் சுருங்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "பிளேட் வைக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. வைத்த பொருளின் மாடலும் லாட் நம்பரும் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கும். வீட்டுக்குக் கிளம்பும் முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.