அப்புச்சி வீட்டுக் கணக்கையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க

"குடும்பத்துல யாருக்காவது புராஸ்டேட் கேன்சர் இருந்துதுங்களா?" கோயமுத்தூர், ஈரோடு என்று எந்த யூராலஜி டாக்டர் கேட்டாலும், நம்ம ஆட்கள் அப்பா, அப்பாரு, சித்தப்பா என்று பங்காளிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதிக் கணக்குதான். பழுதானால் புராஸ்டேட், மார்பகம், சினைப்பைப் புற்றுகளுக்கு வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணு இருப்பது 13-ஆம் குரோமோசோமில். அதிலுள்ள பழுது அம்மா வழியாகவும், அதாவது அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டிலிருந்தும், மகனுக்கு வரும். அம்முச்சிக்கு (அம்மாவின் அம்மா) சினைப்பைப் புற்று, சின்னம்மாவுக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்று, மாமனுக்கு எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்று: எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். கூட்டம் (குலம்) வேறு என்பதால் மரபணு வேறாகிவிடாது. யாருக்கு எந்த வயதில் வந்தது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.

மரபணு டெஸ்ட்டை நோய் வந்தவருக்கே முதலில் செய்ய வேண்டும். அவரிடம் பழுது தெரிந்தால் பிள்ளைகளுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. மகள்களையும் விட்டுவிடக் கூடாது.

லேபில் "மரபணு முழுக்கப் படிக்கிறீங்களா, சில இடங்களை மட்டும் பார்க்கிறீங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். ஏன் என்பதற்குச் சீனர்களே நல்ல உதாரணம். 2012-ல் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்களில், புராஸ்டேட் புற்றோடு தொடர்புள்ள ஹாக்ஸ்பி13 மரபணுவின் ஜி84இ என்ற மாற்றம் பிடிபட்டது. சீன ஆண்களிடம் தேடியபோது அது கிடைக்கவில்லை. அதே மரபணுவில் ஜி135இ என்ற வேறு மாற்றம் இருந்தது. வெள்ளைக்காரர் பட்டியலை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் 'ஒன்றுமில்லை' என்றுதான் ரிப்போர்ட் வந்திருக்கும். நமக்கும் இதே நிலைதான். ரிப்போர்ட்டில் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று வந்தால் அதை நோய்க்காரணமாக எடுத்துக்கொண்டு வீட்டாரைப் பயமுறுத்த வேண்டாம்.

கட்டியில் எடுத்த டெஸ்ட் வேறு, பரம்பரையாக வந்த பழுதைப் பார்க்க ரத்தத்தில் எடுப்பது வேறு. 2020-ல் வெளியான ஆய்வில் புராஸ்டேட் புற்று வந்த 208 சீன நோயாளிகளின் கட்டிகளில் 41 சதவீதத்தில் ஃபாக்ஸ்ஏ1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. அது கட்டிக்குள் உண்டானது, பிள்ளைகளுக்குப் போகாது. ஆனால் கட்டியில் பி.ஆர்.சி.ஏ.2 பழுது தெரிந்தால் ரத்தத்திலும் பார்த்துவிடணும்.

பழுது உறுதியான ஆண் 40 வயதிலேயே பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கத் தொடங்கணும். சிறுநீர்த் தொற்று இருந்தால் ஆறிச் சில வாரம் கழித்து எடுங்கள். விந்து வெளியேறி 48 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவருக்கு பி.எஸ்.ஏ. அளவு ஏறத்தாழ பாதியாகக் காட்டும். 2 என்று வந்தால் டாக்டர் அதை 4 என்றுதான் பார்ப்பார், மாத்திரை விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தால்.