காற்புள்ளிக்கு அப்புறம்

பாகவத சப்தாகம் கேட்க ஏழு நாள் யாத்திரையாகப் போயிருந்தேன். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் உபன்யாசம். பரீட்சித்து மன்னர் சுகரிடம் ஏழு நாள் கேட்டார் என்பதால் வந்த கணக்கு இது. ஏழாம் நாள் தமக்கு மரணம் என்று அவருக்குத் தெரியும். தூக்கம் எங்கிருந்து வரும்? எனக்கோ இரண்டாம் நாளே கண் சொருக ஆரம்பித்துவிட்டது.

தலை தொங்கி, திடுக்கிட்டு நிமிர்ந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் புன்னகைத்தார். "கூச்சப்பட வேண்டாம் தம்பி. நாம் தூங்கினாலும் ஆழ்மனம் விழித்திருக்கும். எல்லாம் தானாக உள்ளே போய்ச் சேர்ந்துவிடும்" என்றார். பிரகலாதனைச் சாட்சிக்கு அழைத்தார். நாரதர் உபதேசித்தது தாய் கயாதுவுக்கு. அவள் மறந்துபோனாள், கருவில் இருந்த பிள்ளை மறக்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்படியானால் அபிமன்யு, ஐயா? சக்கரவியூகத்துக்குள் நுழையும் வழியைச் சொல்லும்வரைதான் சுபத்திரை விழித்திருந்தாள். வெளியே வரும் வழிக்கு முன்பே உறங்கிவிட்டாள் என்றுதானே கதை?" என்றேன்.

"அது போர், இது பக்தி" என்றவர், பத்து நிமிடத்தில் மெல்லக் குறட்டை விட்டார்.

நான்காம் நாள் வேடிக்கை நடந்தது. உபன்யாசத்துக்கு நடுவே ஒலிபெருக்கியில் யார் யாரையோ கூப்பிட்டார்கள். சங்கு ஊதியபோதுகூட அசையாத பெரியவர், தம் பெயர் வந்ததும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். கண்டெடுத்த சாவிக்கொத்து அவருடையதாம். அவர் சொன்னது சரிதான், காது விழித்திருக்கிறது என்று தோன்றியது. ஆனால் அது எதற்காக விழித்திருக்கிறது என்பதல்லவா கேள்வி?

திரும்பி வந்தபின் இதைத் தேடிப் படித்தேன். 1959இல் நெவில் மோரே என்ற உளவியலாளர், ஒரு காதில் வருவதைக் கூடவே சொல்லிக்கொண்டு வரும்படி பணித்து, மற்றக் காதில் சில எளிய சொற்களை 35 தடவை ஒலிக்கவிட்டார். பிறகு கேட்டபோது அந்தச் சொற்கள் எவர் நினைவிலும் இல்லை. அதே காதில் சொந்தப் பெயர் வந்தபோது சுமார் மூன்றில் ஒரு பங்கினர் கவனித்தார்கள். தூக்கத்தையும் அளந்திருக்கிறார்கள். சைமன், எம்மன்ஸ் என்ற இருவர் 1956இல் மூளை அலைகளைப் பதிவு செய்தபடியே, உறங்குகிறவர்களுக்குச் செய்திகளைச் சொல்லிப் பார்த்தார்கள். நன்றாக உறங்கிய பிறகு சொன்னது ஒட்டவில்லை. கண் சொருகும் நேரத்தில் சொன்னதில் மட்டும் கொஞ்சம் தங்கியது.

சரி, தூங்கியதால் நஷ்டம் என் கணக்கில். விழித்திருந்தபோது உள்ளே போனதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. ஐந்தாம் நாள் உபன்யாசகர் வேறொரு வழிபாட்டு மரபைக் குத்தி ஒரு துணுக்குச் சொன்னார். பகவான் கதைக்கு நடுவில் இது எதற்கு என்று முகம் சுளித்தேன். ஆறாம் நாள் அதே துணுக்கு, சுளிக்கத் தோன்றவில்லை. ஏழாம் நாள் அவர் வாயெடுக்கும்போதே கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். முதுகு வலி, அரைத் தூக்கம், கூடியிருந்த அத்தனை பேரின் தலையாட்டல் எல்லாம் சேர்ந்து மனத்தின் வாசற்காவலனை எங்கோ அனுப்பிவிட்டன. 1977இல் செய்த ஒரு சோதனையில் மெய்யும் பொய்யுமான வாக்கியங்களை இரண்டு வார இடைவெளியில் மூன்று அமர்வுகளில் கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப வந்தவை, பொய்யாக இருந்தாலும், வரவர மெய்யாகத் தோன்றினவாம். எனக்கு இரண்டு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

இதற்காக அந்த ஏழு நாளையும் வீண் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கஜேந்திரன் கதறிய கட்டத்தில் நான் முழு விழிப்போடு அழுதேன். அதை எந்தச் சோதனையிலும் வைத்துப் பார்க்கப் போவதில்லை.

சில மாதங்கள் கழித்து அண்ணனோடு தொலைபேசியில் வாக்குவாதம். அப்பாவின் வைத்தியத்துக்கு யார் எவ்வளவு செலவழித்தோம் என்ற பழைய கணக்கு. குரல் உயர்ந்துகொண்டே போனது. நடுவில் என் வாயிலிருந்து, "கொடுத்ததை எண்ண வேண்டாம் அண்ணா" என்று வந்தது. மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. "இது யார் சொன்னது?" என்று கேட்டார்.

"நானாகத்தான் சொல்கிறேன்" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

அன்றிரவு ஏதோ சந்தேகம் தட்டி, சப்தாகக் குறிப்பேட்டைப் புரட்டினேன். மூன்றாம் நாள் மாலைப் பக்கத்தின் அடியில், 'கொடுத்ததை எண்ணாதே,' என்று என் கையெழுத்து. காற்புள்ளிக்கு அப்புறம் எழுத்து இல்லை. பேனா சரிந்து, தாளின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போன ஒரு நீலக் கோடு மட்டும் இருந்தது.